கீழக்கரையிலிருந்து துபாய் தூரமா, சிங்கப்பூர் தூரமா? வான்தூரமும் பயண நேரமும் கணக்கிட முழுமையான வழிகாட்டி

கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தொண்டி என்று இந்த ராமநாதபுரம் கரையில் யாரைக் கேட்டாலும் துபாய் கிட்டம், சிங்கப்பூர் தூரம் என்றுதான் சொல்வார்கள். டிக்கெட்டும் அப்படித்தான் காட்டும். மதுரையில் காலை 11 மணிக்குக் கிளம்பும் விமானம் துபாயில் பிற்பகல் 1.35-க்கு இறங்குவதாக வைத்துக்கொள்வோம். திருச்சியில் பின்னிரவு 1.15-க்குக் கிளம்பும் விமானம் சிங்கப்பூரில் காலை 7.50-க்கு இறங்கும். முதலாவது இரண்டரை மணி நேரம் போலவும், இரண்டாவது ஆறரை மணி நேரம் போலவும் தெரிகிறது. ஆனால் இரண்டு விமானங்களும் எடுப்பது அதே 4 மணி 5 நிமிடம்தான்.

தூரத்தைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. கீழக்கரையிலிருந்து நேர்கோட்டில் துபாய் சுமார் 3,050 கி.மீ. சிங்கப்பூர் சுமார் 2,925 கி.மீ. கிட்டத்தில் இருப்பது சிங்கப்பூர்.

கடிகாரம் செய்யும் இந்த மயக்கத்தைக் கழித்து, எந்த ஊருக்கும் உண்மையான தூரம் எவ்வளவு, பறக்கும் நேரம் எவ்வளவு, வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேர மொத்தம் எத்தனை மணி நேரம் என்று நீங்களே கணக்குப் போடும் முறை கீழே. கைப்பேசியில் இருக்கும் கால்குலேட்டர் போதும்.

முதலில், எந்தத் தூரம்?

வான்தூரம் என்று பொதுவாகச் சொல்வது பூமியின் வளைவை ஒட்டிப் போகும் மிகக் குறுகிய பாதை. பெருவட்டப் பாதை என்று பெயர். ஓர் உலக உருண்டையில் இரண்டு ஊர்களுக்கு நடுவே நூலை இழுத்துக் கட்டினால் நூல் படியும் வழி அது. சுவரில் மாட்டும் தட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் வேறு தூரம் வரும், பெரும்பாலும் தப்பாகத்தான் வரும். துபாய், சிங்கப்பூர் அளவுக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. லண்டன் என்றால் தெரியும்: தட்டை வரைபடத்தில் சென்னை - லண்டன் கோடு அரேபியாவின் தலைமாட்டில் போகும், உருண்டையிலோ காஸ்பியன் கடல் பக்கம் ஏறிப் போகும்.

விமானம் உண்மையில் ஓடும் தூரம் இதைவிடக் கொஞ்சம் கூடுதல். புறப்பட்ட ஓடுபாதையின் திசை, வான்வழித் தடங்களின் வளைவு, இறங்கும் வரிசை எல்லாம் சேர்ந்து பொதுவாக ஓரிரு சதவீதம் முதல் ஐந்து சதவீதம் வரை கூட்டும். வான்வெளி மூடியிருந்தால் அதற்கும் மேல்.

இந்தக் கரைக்கு இன்னொரு தூரமும் உண்டு, வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கு. உச்சிப்புளியில் இருக்கும் ஓடுதளம் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து தளத்துடையது. ராமேஸ்வரத்தில் விமான நிலையம் அமைப்பதாக 2025-26 மாநில பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது. இப்போதைக்கு வெளிநாடு போகிறவர்களுக்கு மதுரை, திருச்சி, சென்னைதான். உள்நாட்டுக்குத் தூத்துக்குடியும் உதவும். ஆகவே வான்தூரத்தைக் கீழக்கரையிலிருந்து போடாதீர்கள், ஏறும் விமான நிலையத்திலிருந்து போடுங்கள்.

அட்சரேகை, தீர்க்கரேகை எடுக்கும் முறை

கைப்பேசி வரைபடத்தில் விமான நிலையத்தின் ஓடுபாதை நடுவில் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். முதலாவது அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை. நமக்கு அடிக்கடி தேவைப்படுபவை இவை:

மதுரை 9.83, 78.09
திருச்சி 10.77, 78.71
சென்னை 12.99, 80.17
தூத்துக்குடி 8.72, 78.03
கொழும்பு கட்டுநாயக்க 7.18, 79.88
துபாய் 25.25, 55.36
குவைத் 29.23, 47.97
ஜித்தா 21.68, 39.16
கோலாலம்பூர் 2.75, 101.71
சிங்கப்பூர் 1.36, 103.99
லண்டன் ஹீத்ரோ 51.47, மைனஸ் 0.45

இந்த இடத்தில் வழக்கமாக நேரும் பிழைகள் இரண்டு. பல பட்டியல்களில் மதுரை 9 டிகிரி 50 நிமிடம் என்று போட்டிருக்கும். அதை அப்படியே 9.50 என்று அடித்தால் விமான நிலையம் அருப்புக்கோட்டைப் பக்கம் போய்விடும். நிமிடத்தை 60-ஆல் வகுக்க வேண்டும்: 50-ஐ 60-ஆல் வகுத்தால் 0.83, ஆக 9.83. பாம்பன், மண்டபம் விசைப்படகுகளில் ஜி.பி.எஸ். பார்க்கிறவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். அங்கே கருவி டிகிரி, நிமிடம், நிமிடத்தின் தசமம் என்று காட்டும். படகில் எழுதி வைத்த எண்ணைக் கைப்பேசியில் போடும்போதும் இதே வகுத்தல் வேண்டும்.

இரண்டாவது பிழை, கிரீன்விச்சுக்கு மேற்கே உள்ள ஊர்களுக்கு மைனஸ் குறியை விட்டுவிடுவது. லண்டனுக்கு விட்டால் சென்னையிலிருந்து 60 கி.மீ. அளவுக்குத்தான் குறையும், கவனிக்கக்கூட மாட்டீர்கள். நியூயார்க்குக்கு விட்டால் அந்த ஊர் மத்திய ஆசியாவில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தூரக் கணக்கு: மதுரை - துபாய்

சூத்திரத்தைச் சொல்லிலேயே எழுதலாம். இரண்டு ஊர்களின் அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள். தனியாக, அதே அட்சரேகைகளின் கொசைன் மதிப்புகளைப் பெருக்கி, அதைத் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனால் மறுபடி பெருக்குங்கள். இரண்டையும் கூட்டினால் வருவது, பூமியின் மையத்தில் அந்த இரண்டு ஊர்களும் உண்டாக்கும் கோணத்தின் கொசைன். அந்தக் கோணத்தை (கால்குலேட்டரில் cos⁻¹ பொத்தான்) எடுத்து 111.2-ஆல் பெருக்கினால் கி.மீ. கிடைக்கும். பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. என்பதால் ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ. வருகிறது.

1. சைன் 9.83 = 0.1707. சைன் 25.25 = 0.4266. பெருக்கினால் 0.0728.

2. கொசைன் 9.83 = 0.9853. கொசைன் 25.25 = 0.9045. தீர்க்கரேகை வித்தியாசம் 78.09 - 55.36 = 22.73, அதன் கொசைன் 0.9223. மூன்றையும் பெருக்கினால் 0.8220.

3. கூட்டுத்தொகை 0.8948. இந்தக் கொசைனுக்குரிய கோணம் 26.52 டிகிரி.

4. 26.52 × 111.2 = 2,949. மதுரை - துபாய் சுமார் 2,950 கி.மீ.

விடை கன்னாபின்னாவென்று வந்தால் சூத்திரத்தைச் சந்தேகிக்க வேண்டாம். கால்குலேட்டர் ரேடியன் நிலையில் இருக்கும், டிகிரிக்கு மாற்றுங்கள். எக்செல் போன்ற விரிதாளில் போடுவதானால் ஒவ்வொரு கோணத்தையும் முதலில் ரேடியனாக மாற்றித்தான் கொடுக்க வேண்டும், அந்த மென்பொருள் எந்தக் கோணத்தையும் ரேடியனாகவே எடுத்துக்கொள்ளும்.

இதே முறையில் திருச்சி - சிங்கப்பூர் சுமார் 2,980, திருச்சி - கோலாலம்பூர் 2,690, மதுரை - குவைத் 3,800, சென்னை - ஜித்தா 4,445, சென்னை - லண்டன் 8,230 கி.மீ. வரும்.

இணையத்தில் சிலர் மைலில் எழுதுவார்கள். அங்கே இரண்டு மைல் உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள். தரை மைல் 1.609 கி.மீ. கடல் மைல் 1.852 கி.மீ. விமானிகள் பேசுவது கடல் மைல்தான், நம் மீனவர்கள் பேசும் அதே அளவு. துபாய்த் தூரம் தரை மைலில் 1,830-க்குச் சற்று மேல், கடல் மைலில் 1,590-க்குச் சற்று மேல். இரண்டையும் குழப்பினால் அரை மணி நேரப் பறப்பு காணாமல் போகும்.

கொழும்புக்கு வேறு கணக்கு

தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கி.மீ. தான். ஆனால் கொழும்பு போகிறவர் முதலில் கடலுக்கு முதுகைக் காட்டி மதுரைக்குப் போக வேண்டியிருக்கிறது. அந்த மதுரை - கொழும்பு தூரத்துக்கு மேலே சொன்ன சூத்திரத்தைப் போட்டால் ஒரு சிக்கல் வரும். கோணம் சிறியதாக இருக்கும்போது கொசைன் 1-ஐ ஒட்டியே நிற்கும். சரியான மதிப்பு 0.99845. அதை 0.998 என்று சுருக்கி எழுதினால் தூரம் 355-க்குப் பதில் 403 கி.மீ. என்று வரும்.

500 கி.மீ.க்குள் இருந்தால் பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ் தேற்றமே போதும். அட்சரேகை வித்தியாசம் 2.65 × 111.2 = 295 கி.மீ. தீர்க்கரேகை வித்தியாசம் 1.79 × 111.2 × 0.989 = 197 கி.மீ. இதில் 0.989 என்பது இரண்டு ஊர்களின் நடு அட்சரேகையான 8.5 டிகிரியின் கொசைன். வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைக் கோடுகள் நெருங்குவதால் இந்தப் பெருக்கல் தேவைப்படுகிறது. 295-ஐயும் 197-ஐயும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 355 கி.மீ. மதுரை - சென்னைக்கு இதே வழியில் சுமார் 420.

தூரத்தை நேரமாக மாற்றுவது

மதுரை, திருச்சியிலிருந்து வளைகுடாவுக்கும் கிழக்கேயும் ஓடுபவை பெரும்பாலும் ஏர்பஸ் 320, போயிங் 737 வகைகள். 35,000 அடி உயரத்தில் இவற்றின் வேகம் மணிக்குச் சுமார் 830 கி.மீ. சென்னையிலிருந்து லண்டன் போன்ற நெடுந்தூரம் போகும் போயிங் 787 சுமார் 900 கி.மீ. வேகத்தில் போகும். தூத்துக்குடி போன்ற ஊர்களுக்கு ஓடும் ஏ.டி.ஆர். 72 விசிறி விமானம் 500 கி.மீ. வேகம்தான். டிக்கெட்டில் விமான வகை போட்டிருக்கும், பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

பெரிய விமானம் ஏன் மதுரைக்கு வருவதில்லை என்று கேட்பவர்கள் ஓடுபாதை நீளத்தைப் பார்க்கலாம். மதுரை 2,285 மீட்டர், சென்னையின் பெரிய ஓடுபாதை 3,658 மீட்டர். கோடை மத்தியானத்தில் காற்று சூடாகி அடர்த்தி குறையும். சிறகுக்கும் எஞ்சினுக்கும் பிடிப்பு குறையும். நான்கு மணி நேரத்துக்கான எரிபொருளும் நிறைய ஆட்களும் ஏறிய விமானம் குட்டையான ஓடுபாதையிலிருந்து எழும்ப எடை வரம்பு இறுக்கமாகும். கவுண்டரில் இரண்டு கிலோவுக்கு மல்லுக்கட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தூரத்தை வேகத்தால் வகுத்தால் மட்டும் நேரம் சரியாக வராது. டிக்கெட்டில் உள்ள நேரம் விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து, போய்ச் சேர்ந்த ஊரில் நிறுத்துமிடத்தில் நிற்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போக, மதுரை போன்ற சிறிய நிலையத்தில் பத்து நிமிடத்துக்குள் ஆகும், பெரிய நிலையத்தில் இருபது நிமிடம்கூட ஆகும். மேலேறும் 20, 25 நிமிடமும், இறங்கும் 25, 30 நிமிடமும் முழு வேகம் இருக்காது. 35,000 அடியிலிருந்து இறங்கத் தொடங்குவது ஊருக்குச் சுமார் 200 கி.மீ. முன்னாலேயே. இவற்றுக்கெல்லாம் சேர்த்து, சிறிய நிலையத்திலிருந்து கிளம்பும் வளைகுடா, மலேசியப் பயணத்துக்கு 30 முதல் 35 நிமிடமும், சென்னையிலிருந்து பெரிய நிலையங்களுக்கு 40 முதல் 45 நிமிடமும் கூட்டுங்கள்.

மதுரை - துபாய்: 2,950-ஐ 830-ஆல் வகுத்தால் 3 மணி 33 நிமிடம். 32 நிமிடம் கூட்டினால் 4 மணி 5 நிமிடம். தொடக்கத்தில் வைத்துக்கொண்ட டிக்கெட்டுக்கும் இதுதான் விடை. திருச்சி - கோலாலம்பூர் இதேபோல் 3 மணி 50 நிமிடத்துக்கு அருகில் வரும், சென்னை - ஜித்தா 6 மணி நேரம்.

ஜித்தாவுக்கு உம்ரா போகிறவர்கள் இந்த ஆறு மணியில் கடைசி அரை மணியைக் கணக்கில் வைக்க வேண்டும். இஹ்ராம் என்ற புனிதப் பயண உடைக்கு மாறியிருக்க வேண்டிய மீகாத் எல்லையை விமானம் இறங்குவதற்கு முன்பே, வானத்திலேயே கடந்துவிடும். அறிவிப்பு வந்த பிறகு கழிவறைக்கு வரிசையில் நின்று இஹ்ராம் மாற்ற நேரம் போதாது. அந்த வேகத்தில் கால் மணி நேரம் என்பது 200 கி.மீ. உடையை ஏறும் விமான நிலையத்திலேயே மாற்றிக்கொள்வது நல்லது.

காற்று கூட்டும், காற்று குறைக்கும்

போக நாலு மணி நேரம், வர மூன்றரை மணி நேரம், அல்லது அதற்குத் தலைகீழ். இதற்குக் காரணம் பூமி சுழல்வது என்று பலர் சொல்வார்கள். அது சரியல்ல. பூமியோடு காற்றும் சேர்ந்தே சுற்றுகிறது, விமானம் அந்தக் காற்றுக்குள் போகிறது. வித்தியாசம் உண்டாவது காற்று தரைக்கு மேல் வீசும் வேகத்தால்.

830 கி.மீ. வேகத்தில் போகும் விமானத்துக்கு எதிரே 60 கி.மீ. காற்று வீசினால் தரைவேகம் 770. துபாய்த் தூரத்துக்கு 3 மணி 50 நிமிடம். அதே காற்று பின்னால் தள்ளினால் தரைவேகம் 890, 3 மணி 19 நிமிடம். ஒரே பாதையில் அரை மணி நேர வித்தியாசம்.

நம் பக்கத்தில் இது பருவத்துக்குப் பருவம் திசை மாறும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, 25 முதல் 30 டிகிரி வடக்கில் உயரத்தில் மேற்குக் காற்று பலமாக ஓடும். துபாய், குவைத் போகிற விமானம் பயணத்தின் பின்பாதியில் அதை எதிர்த்துப் போகும். திரும்பி வருகையில் அதுவே தள்ளிவிடும். வட இந்தியாவிலிருந்து வளைகுடா போகிறவர்களுக்கு இந்த இழுபறி நம்மைவிட அதிகம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை கதை வேறு. தரையில் தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து அடித்துப் பனைமரங்களை ஆட்டிக்கொண்டிருக்கும். அதே நேரம், 14 முதல் 16 கி.மீ. உயரத்தில் தென்னிந்தியாவின் தலைக்கு மேல் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு வேகக் காற்று ஓடுகிறது. 1950-களில் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் இதை ஆராய்ந்து எழுதினார். வெப்பமண்டலக் கீழை வேகக்காற்று என்பார்கள். விமானங்கள் அதன் நடுப்பகுதிக்குக் கீழே, 10 முதல் 12 கி.மீ. உயரத்தில் பறந்தாலும் அதன் வீச்சு அங்கும் இருக்கும். ஆகவே ஜூலையில் சிங்கப்பூர் போகிற விமானத்துக்கு எதிர்க்காற்று, ஊர் திரும்புகிற விமானத்துக்குத் தள்ளுகாற்று. தரையில் வீசும் காற்றைப் பார்த்து இதைக் கணித்தால் நேர் எதிராகத்தான் முடியும்.

நிறுவனங்கள் அட்டவணை போடும்போது இந்த ஏற்ற இறக்கத்துக்குச் சில நிமிடங்களைச் சேர்த்தே போடுகின்றன. இருபது நிமிடம் முன்னதாக இறங்கினோம் என்று சந்தோஷப்படுவதில் பாதி அந்தச் சேமிப்புதான்.

வான்வெளித் தடை பற்றி ஒரு வார்த்தை. 2025 ஏப்ரல் 24 முதல் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. டெல்லியிலிருந்து மேற்கே போகும் இந்திய நிறுவன விமானங்கள் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. மதுரை - துபாய் நேர்கோடு கோழிக்கோட்டுப் பக்கம் அரபிக்கடலில் இறங்கி ஓமான் வழியாகப் போகிறது, அதனால் நமக்கு இதில் பாதிப்பில்லை. திருச்சி - சிங்கப்பூர்க் கோடு கோடியக்கரைப் பக்கமாக வங்காள விரிகுடாவுக்குள் போகிறது, அதற்கும் இல்லை. லண்டன் பாதைக்கு உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரியிலிருந்து மூடியிருப்பது சேரும். சென்னை - லண்டன் தூரத்தை 900-ஆல் வகுத்து 45 நிமிடம் கூட்டினால் பத்து மணிக்குள் வரும். எதிர்க்காற்றும் சுற்றுவழியும் சேர்ந்து அது பத்தரை, பதினோரு மணியாகிறது.

டிக்கெட் நேரத்தை அவிழ்ப்பது

டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊர் நேரம், சேரும் நேரம் சேரும் ஊர் நேரம். சேரும் நேரத்தை இந்திய நேரமாக மாற்றிவிட்டுக் கழியுங்கள், வேறு வித்தை தேவையில்லை.

துபாய், அபுதாபி, மஸ்கட்: நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னே. சவூதி, குவைத், கத்தார், பஹ்ரைன்: இரண்டரை மணி பின்னே. சிங்கப்பூர், மலேசியா, புருணை: இரண்டரை மணி முன்னே. இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம். லண்டன் ஐந்தரை மணி பின்னே, ஆனால் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை மணிதான். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இப்படிக் கோடைக்கு மாற்றும் வழக்கம் இல்லை.

துபாய் 1.35-உடன் ஒன்றரை மணி கூட்டினால் இந்திய நேரம் 3.05. அதிலிருந்து 11 மணியைக் கழித்தால் 4.05. சிங்கப்பூர் 7.50-இலிருந்து இரண்டரை மணி கழித்தால் 5.20. அதிலிருந்து 1.15 போனால் 4.05.

நேரத்தைவிடத் தேதியில்தான் பயணங்கள் கெட்டுப்போகின்றன. 15-ஆம் தேதி 00.40 என்று இருந்தால் வீட்டிலிருந்து கிளம்ப வேண்டியது 14-ஆம் தேதி மாலை. 15-ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டு, பயணம் சொல்லிக்கொண்டு கிளம்பினால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். திருச்சி, சென்னையில் பின்னிரவு விமானங்கள் அதிகம் என்பதால் டிக்கெட் கையில் வந்ததும் வீட்டுக் காலண்டரில் கிளம்பும் மாலையைக் குறித்துவிடுங்கள், விமானத் தேதியை அல்ல. சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் கூட்டல் 1 என்று இருந்தால் மறுநாள் சேரும் என்று பொருள். கூட்டிக்கொண்டு போக வருகிறவருக்கு அந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

ரமலானில் சபுர் (வெளிநாட்டுப் பயணம்) போகிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: நோன்பு எவ்வளவு நீளும்? சூரியன் ஒரு டிகிரி தீர்க்கரேகையைக் கடக்க 4 நிமிடம் ஆகும். மதுரைக்கும் துபாய்க்கும் 22.7 டிகிரி, ஆக 91 நிமிடம். சஹர் (நோன்புக்கு முன் விடியற்கால உணவு) இங்கே செய்துவிட்டுத் துபாயில் நோன்பு திறந்தால் பகல் சுமார் ஒன்றரை மணி நேரம் நீளும். அட்சரேகை வேறு என்பதால் பருவத்துக்கேற்பச் சில நிமிடங்கள் முன்பின் ஆகும். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போனால் 101 நிமிடம் குறையும். விமானம் மேலே இருக்கும்போது சூரியன் மறையும் நேரமாக இருந்தால் இன்னொன்றும் சேரும். 35,000 அடியில் அடிவானம் 3.3 டிகிரி தாழ்ந்து தெரிவதால், கீழே தரையில் மறைந்த பின்னும் 13 நிமிடம் போல சூரியன் உங்கள் ஜன்னலில் நிற்கும். அதை வைத்து எப்போது திறப்பது என்பதை உங்கள் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாறிப் போகும் பயணம்

நேர் விமானம் இல்லாதபோது எந்த ஊர் வழியாகப் போவது என்பதைத் தூரக் கணக்கே காட்டிக் கொடுக்கும். குவைத்தை எடுத்துக்கொள்வோம். மதுரை - குவைத் நேராக 3,800 கி.மீ. துபாய் வழியாகப் போனால் 2,950-உம், துபாய் - குவைத் 855-உம் சேர்ந்து 3,805. ஏறக்குறைய ஒரே கோடு, துபாய் அந்தப் பாதையிலேயே உட்கார்ந்திருக்கிறது. கொழும்பு வழியாகப் போனால் 355-உடன் 4,140 சேர்ந்து 4,495. கிட்டத்தட்ட 700 கி.மீ. கூடுதல், பறப்பில் 50 நிமிடம். எதிர்த்திசையில் போய்விட்டு நம் தலைக்கு மேலேயே திரும்பி வருகிறோம்.

ஆனாலும் கொழும்பில் இரண்டு மணி நேரக் காத்திருப்பும் துபாயில் ஏழு மணி நேரக் காத்திருப்பும் என்றால் கொழும்புதான் முந்தும். கூடுதல் தூரத்தை நிமிடமாக்கி, காத்திருப்பு வித்தியாசத்தோடு ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். 100 கி.மீ. சுற்றுக்கு 7 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் தூரத்தைவிட முக்கியமான ஒன்று, இரண்டு விமானங்களும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் (முன்பதிவு எண்ணில்) இருப்பது. ஒரே எண்ணில் இருந்தால் முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் வேறு விமானத்தில் ஏற்றுவது அவர்கள் பொறுப்பு, பெட்டியும் பெரும்பாலும் கடைசி ஊர் வரை போகும். மலிவாகக் கிடைக்கிறதென்று தனித்தனி டிக்கெட் எடுத்தால், நடு ஊரில் குடியேற்றச் சோதனை தாண்டி வெளியே வந்து பெட்டி எடுத்து மறுபடி கவுண்டரில் போட வேண்டும். வெளியே வர விசா தேவைப்படலாம். அப்படிப்பட்ட இணைப்புக்கு நான்கு மணி நேரத்துக்குக் குறைவாக விடாதீர்கள். மதுரை - சென்னை உள்நாட்டு விமானத்தில் போய் அங்கே வெளிநாட்டு விமானம் பிடிப்பதற்கும் இதே விதிதான்.

வாசலிலிருந்து வாசல் வரை

பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள். கீழக்கரையிலிருந்து மதுரை 11 மணி விமானத்துக்கு:

11.00 விமானம் நகர்கிறது. வெளிநாட்டு விமானத்துக்குக் கவுண்டர் 60 முதல் 75 நிமிடம் முன்பே மூடிவிடும், ஆகவே 9.45 கடைசிக் கோடு. விமான நிலையத்தில் இருக்க வேண்டியது 8.00. ராமநாதபுரத்திலிருந்து விமான நிலையம் சுமார் 115 கி.மீ., இரண்டேகால் மணி. கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம் 17 கி.மீ., அரை மணி. டீ, தொழுகை, டயர் பஞ்சர் எல்லாவற்றுக்கும் முக்கால் மணி. காலை 4.30-க்கு வண்டி வாசலில் நிற்க வேண்டும்.

துபாயில் 1.35-க்கு இறங்கி, குடியேற்றம், பெட்டி முடித்து வெளியே வர 2.45. நம் நேரத்துக்கு 4.15. மொத்தம் பதினொன்றே முக்கால் மணி நேரம். இதில் வானத்தில் இருந்தது மூன்றில் ஒரு பங்கு. விமான நேரத்தில் பத்து நிமிடம் மிச்சம் பிடிக்க டிக்கெட்டுக்குக் கூடுதல் பணம் கொடுப்பவர்கள் மீதி மூன்றில் இரண்டு பங்கைப் பார்ப்பதில்லை.

மதுரை நகருக்குள் போக வேண்டாம். ராமநாதபுரம் சாலையில் விரகனூர் ரவுண்டானா வந்ததும் ரிங் ரோட்டில் இறங்கி, மண்டேலா நகர் வழியாக விமான நிலையத்துக்குத் திரும்புங்கள். சாயல்குடி, முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு கமுதி, அருப்புக்கோட்டை, காரியாபட்டி வழி நேராக இருக்கும். பரமக்குடி - மதுரை நால்வழி. பரமக்குடி - ராமநாதபுரம் 46.7 கி.மீ. பகுதியை நால்வழியாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. வேலை நடக்கும் காலத்தில் இந்தத் துண்டுக்குக் கால் மணி சேர்த்துக்கொள்ளுங்கள்.

தொண்டி, திருவாடானைப் பக்கத்துக்குத் தேவகோட்டை, காரைக்குடி, புதுக்கோட்டை வழியே திருச்சிதான் சௌகரியம். 2024 ஜூனில் அங்கே புதிய முனையம் இயங்கத் தொடங்கியது. ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன்காரர்கள் ராமநாதபுரம் வரவே ஒன்றேகால் மணி வைக்க வேண்டும்.

சில நாட்களில் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் சாலை வண்டிகளால் நிரம்பும். செப்டம்பர் 11 இமானுவேல் சேகரன் நினைவு நாளில் பரமக்குடியிலும், அக்டோபர் கடைசியில் பசும்பொன் குருபூஜை நாட்களில் கமுதி சுற்றுவட்டாரத்திலும் போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள், வாடகை வண்டிகளுக்குக் கட்டுப்பாடும் இருக்கும். இந்தத் தேதிகளில் விமானம் என்றால் முதல் நாளே மதுரையில் போய்த் தங்கிவிடுங்கள். ஓர் இரவு லாட்ஜ் வாடகை, தவறவிட்ட டிக்கெட்டைவிட எப்போதும் மலிவு.

ஊருக்குத் திரும்புகிறவரை அழைத்துவரப் போகும் வண்டிக்கு அட்டவணை நேரத்தை மட்டும் சொல்லாதீர்கள். துபாயில் விமானம் உண்மையில் எழும்பிய நேரத்தை விமானத் தடம் காட்டும் செயலியில் பார்த்து, அதோடு 3 மணி 45 நிமிடம் கூட்டி, ஒன்றரை மணி சேர்த்தால் மதுரையில் தரை தொடும் இந்திய நேரம் வரும். குளிர்காலத்தில் இது பதினைந்து, இருபது நிமிடம் முன்னதாகவே இருக்கும். குடியேற்றம், பெட்டி, சுங்கம் முடிந்து வெளியே வர இன்னும் முக்கால் மணி. டிரைவர் கீழக்கரையை விட்டுக் கிளம்ப வேண்டியது, ஆள் வெளியே வரும் அந்த நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால்.